‘எனக்கு ஆசையே வர்றதில்லீங்க, அதனாலதான் கரு தங்கலையா டாக்டர்?’

எழுதியவர் ஈரோடு மாவட்டத்துக்காரர், வயது 31. நீண்ட கடிதம். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சில விவரங்களை மாற்றிச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கல்யாணமாகி 6 வருடம். கணவர் சாயப்பட்டறையில் பாய்லர் பகுதிச் சூப்பர்வைசர், வாரம் விட்டு வாரம் நைட் ஷிப்ட். இவர் பனியன் கம்பெனியில் கணக்குப் பார்த்தவர். ஆஸ்பத்திரிக்கு அலைய லீவு போதவில்லை என்று 2 வருடத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டார். நீர்க்கட்டி என்று சொல்லி 14 மாதமாக முட்டை வளர லெட்ரோசோல் மாத்திரை, மாதாமாதம் ஸ்கேன். கருக்குழாய் எக்ஸ்ரேயில் அடைப்பு எதுவும் இல்லை. கணவருக்கு இதுவரை ஒரு பரிசோதனையும் நடக்கவில்லை. "எனக்கென்ன குறை, நல்லாத்தானே இருக்கேன்" என்று அவர் சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

இனி அவர் வார்த்தையிலேயே கொஞ்சம்:

"முட்டை பெருசாயிருச்சுன்னு ஸ்கேன்ல சொன்னா அன்னைக்கும் மறுநாளும் ஒண்ணா இருக்கணும். அத்தை சமையக்கட்டுக் கதவுல மாட்டியிருக்கற தினசரி காலண்டர்ல அந்தத் தேதியைச் சிவப்புப் பேனாவுல சுழிச்சு வெச்சிருவாங்க. அவரு வேலை முடிஞ்சு வந்து குளிச்சுட்டு வருவாரு. ரெண்டு பேரும் பேசிக்க மாட்டோம். வலிக்கும், சொல்ல மாட்டேன். முடிஞ்சதும் இடுப்புக்குக் கீழ தலகாணி வெச்சு அரை மணி நேரம் ஃபேனைப் பார்த்துட்டுப் படுத்திருப்பேன். மத்த நாள்ல அவரு பக்கத்துல வந்தாக்கூட எனக்கு உடம்பு கூசுது. போன ரெண்டு மாசமா அந்தத் தேதியில அவருக்கே முடியாமப் போயிருச்சு. நான் 62 கிலோவுல இருந்து 74 ஆயிட்டேன், மோவாயில முடி வருது, என்னைப் பார்த்தா எப்படித் தோணும்."

கர்ப்பமாக இருந்த கொழுந்தனார் மனைவிக்குக் கட்டுச்சோறு விருந்து நடந்தபோது சந்தனம் பூசக் கிண்ணத்தை எடுத்திருக்கிறார். மாமியார் சத்தமில்லாமல் அந்தக் கிண்ணத்தை வாங்கி வேறொருத்தர் கையில் கொடுத்துவிட்டாராம். அதற்கப்புறம் கெடா வெட்டு, காது குத்து என்று எதற்கும் போவதில்லை, போனால், "ஏனுங் கண்ணு, விசேசம் ஒண்ணுமில்லீங்களா?" இப்போது வீட்டில் இரண்டாம் கல்யாணப் பேச்சும் அடிபடுகிறது. கடிதத்தின் முக்கியக் கேள்விகள் மூன்று. ஆசை இல்லாததால்தான் கரு தங்கவில்லையா? என் உடம்பு பெண் தன்மையை இழந்துவிட்டதா? நானே ஒதுங்கி வழிவிட்டுவிடலாமா? இடையில் ஒரு வரி: "நான் இல்லாமப் போயிட்டா எல்லாத்துக்கும் நிம்மதி."

அன்புச் சகோதரி,

அந்த ஒரு வரியிலிருந்தே தொடங்குகிறேன். அலுப்பில் எழுதியதா, நிஜமாகவே அப்படி நினைப்பு ஓடுகிறதா என்று காகிதத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. இரண்டாவது என்றால் மற்றதெல்லாம் அப்புறம்தான். இன்றைக்கே அம்மாவிடமோ நம்பிக்கையான ஒரு தோழியிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரத்திலும் பேசலாம், கட்டணமில்லை, தமிழிலேயே பேசுவார்கள். குழந்தைக்காக வைத்தியம் பார்க்கும் பெண்களின் மனச்சோர்வு லேசானதல்ல. 1993-ல் அமெரிக்காவில் ஆலிஸ் டோமர் குழுவினர் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அவர்களின் மன உளைச்சல் புற்றுநோய் நோயாளிகளின் அளவுக்கு இருந்தது. அந்த நோய் வந்தவரிடம் யாரும் "கவலைப்படாம இரு, தானா சரியாயிரும்" என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறார்கள்.

இனி மூன்று கேள்விகளுக்கும் நேரான பதில். ஆசை இல்லாததால் கரு தங்காமல் போகாது. உங்கள் பெண் தன்மைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒதுங்கி வழிவிடும் யோசனையோ, பாதிப் பரிசோதனை கூட முடியாத ஒரு வழக்கில் நீங்களே எழுதிக்கொண்ட தீர்ப்பு.

ஆசையும் கருவும்

உச்சம் அடைந்தால்தான் கரு தங்கும், மனைவிக்கு இஷ்டமில்லாவிட்டால் தங்காது என்றெல்லாம் நம் பக்கம் ஒரு நம்பிக்கை இருக்கிறது, படித்தவர்களிடமும். கரு தங்க வேண்டியவை கருமுட்டை, ஆணின் உயிரணு, திறந்திருக்கும் குழாய், கருவை ஏற்கும் கருப்பை. மனைவியின் உச்சம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆசையும் சுகமும் உங்களுக்காக வேண்டியவை, கருவுக்காக அல்ல. இது முக்கியம், ஏனென்றால் இப்போது ஆசை வராததையும் ஒரு குற்றமாகச் சேர்த்துத் தலையில் தூக்கி வைத்திருக்கிறீர்கள்.

தலையணையை எடுத்துப் போடுங்கள். உள்ளே போக வேண்டிய உயிரணுக்கள் சில நிமிடத்திலேயே கருப்பை வாயைத் தாண்டிவிடும். எழுந்தால் வெளியே வழிவது இயல்பு, அதனால் எதுவும் வீணாவதில்லை. அரை மணி நேரம் ஃபேனைப் பார்த்துப் படுத்திருந்ததில் நடந்ததெல்லாம் அந்த இரவின்மேல் உங்களுக்கு வெறுப்பு ஏறியதுதான்.

தேதி விஷயமும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு நெருக்கடியானதல்ல. உயிரணு பெண் உடம்புக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும், வெளியே வந்த கருமுட்டைக்கு ஆயுள் ஒரு நாள்கூடக் கிடையாது. முட்டை வெளியாகும் நாளையும் அதற்கு முந்தைய 5 நாட்களையும் சேர்த்து மொத்தம் 6 நாள்தான் கரு உருவாகக்கூடிய காலம் என்பது 1995-லேயே ஆய்வில் தெளிவாகிவிட்டது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தாலே அந்த 6 நாளுக்குள் எப்படியும் வந்துவிடும், காலண்டரில் சுழிக்க வேண்டியதே இல்லை. கணவருக்கு வாரம் விட்டு வாரம் நைட் ஷிப்ட் என்பதால் ஸ்கேனில் பார்ப்பது கொஞ்சம் உதவும்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தேதி உங்கள் இருவருக்குள் இருக்கட்டும். அத்தையின் சிவப்புப் பேனாவுக்கு அங்கே வேலை இல்லை.

ஆசை எங்கே போனது?

ஆசை என்ன மோட்டார் சுவிட்சா, கரண்ட் வந்த நேரம் பார்த்துப் போட? கல்யாணமான புதிதில் ஆசை தானாக முன்னால் வந்து நிற்கும். வருடம் போகப் போகப் பல பெண்களுக்கு அது பின்னால்தான் வரும். பேச்சு, தொடுதல், அவசரமில்லாத நெருக்கம், உடம்பு இளகுவது, அப்புறம்தான் "வேண்டும்" என்ற நினைப்பு. கனடா மருத்துவர் ரோஸ்மேரி பாஸன் 2000-ல் இதை விளக்கி எழுதினார், எங்கள் துறையில் பலர் இப்போது அதைத்தான் பின்பற்றுகிறோம். உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது? முன்னால் வர வேண்டியவை எல்லாம் வெட்டப்பட்டு, நேராகக் கடைசி வேலை மட்டும் நடக்கிறது, அதுவும் வலியோடு, மாதக் கடைசியில் 'தலைக்கு ஊற்றிய' ஏமாற்றத்தோடு. தொட்டாலே வலியும் ஏமாற்றமும்தான் என்று உடம்பு கற்றுக்கொண்டபின் மற்ற நாளில் அவர் கை பட்டாலும் கூசத்தான் செய்யும். இதை வியாதி என்று நான் சொல்லமாட்டேன். இந்த நிலைமையில் ஆசை வந்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் எல்லாம் மனசு என்று முடித்துவிடவும் கூடாது. தைராய்டு குறைவாக இருந்தாலும், புரோலாக்டின் ஹார்மோன் கூடுதலாக இருந்தாலும் ஆசை குறையும், முட்டை வெளியாவதும் தடைபடும். இரண்டும் ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஏற்கெனவே எடுத்திருந்தால் ரிசல்ட்டைத் தேடி எடுத்து வையுங்கள். மனச்சோர்வே ஆசையைக் குறைக்கும், அதற்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் குறைக்கும். அப்படி ஏதாவது சாப்பிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

வலியை மட்டும் "பொம்பளைன்னா பொறுத்துக்கணும்" கணக்கில் சேர்க்காதீர்கள். வாசலிலேயே எரிகிறதா, உள்ளே ஆழத்தில் குத்துகிறதா என்று கவனித்து வையுங்கள், மருத்துவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். வாசலில் என்றால் பெரும்பாலும் ஈரமின்மை, தொற்று, அல்லது பயத்தில் இடுப்புத் தசை தானாக இறுகிக்கொள்வது. ஆழத்தில் என்றால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே வளர்வது) இருக்கிறதா, கருப்பையைச் சுற்றிப் புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தசை இறுக்கத்துக்கு அதற்கென்றே பிசியோதெரபி இருக்கிறது, நன்றாகவே சரியாகும். ஈரத்துக்கு ஜெல் பயன்படுத்தலாம். ஆனால் சாதாரண ஜெல் பலவும், எச்சிலும்கூட உயிரணு நீந்துவதைத் தடுக்கும் என்பதால், கரு தங்கக்கூடிய நாட்களுக்கு மட்டும் கருத்தரிப்புக்கு ஏற்ற ஜெல் என்று கேட்டு வாங்குங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்கக் கூச்சமாக இருந்தால் டாக்டரிடம் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

74 கிலோவும் மோவாய் முடியும்

நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் பி.சி.ஓ.எஸ். குழந்தை பெறும் வயதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பெண்ணுக்கு இருக்கிறது. ஸ்கேனில் தெரிபவை வளர்ச்சி பாதியில் நின்ற முட்டைப் பைகள், அறுத்து எடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல. 'ஆண் ஹார்மோன்' கூடுதல் என்று ரிப்போர்ட்டில் படித்ததும் பயந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. எல்லாப் பெண்களின் சினைப்பையும் அந்த ஹார்மோனைக் கொஞ்சம் சுரக்கத்தான் செய்கிறது. உங்களுக்கு அளவு சற்றுக் கூடியிருக்கிறது, அதன் விளைவு மோவாயில் இரண்டு முடி. அவ்வளவுதான். அதை த்ரெடிங்கில் எடுப்பதா, லேசரா, மாத்திரையா என்பது உங்கள் இஷ்டம். ஆனால் முடியைக் குறைக்கக் கொடுக்கும் மாத்திரைகளைக் கருவுக்கு முயலும் காலத்தில் எடுக்கக்கூடாது, ஆகவே இப்போதைக்கு த்ரெடிங்கோ லேசரோ போதும்.

எடை பற்றி நேர்மையாகவே சொல்கிறேன், அது முட்டை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆனால் 62-க்குத் திரும்பினால்தான் ஆயிற்று என்று இல்லை. இருக்கும் எடையில் 5 சதவீதம், உங்கள் கணக்கில் 4 கிலோவுக்கும் கீழே, குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகத் தொடங்கிவிடும். சோற்றை அளவாக்கி, பருப்பும் காயும் கூட்டி, ராகியோ கம்போ சேர்த்து, தினம் அரை மணி நேரத்துக்கு மேல் வேர்க்க நடந்தால் போதும்.

என் கணிப்பில் எடையைவிட உங்களைக் கவிழ்த்தது வேலையை விட்டதுதான். 500 பேர் சம்பளக் கணக்கைச் சரிபார்த்தவர், இப்போது முழு நாளும் வீட்டில், மற்றவர்கள் கண்ணுக்கு ஒரே ஒரு விஷயமாக மட்டும் தெரிகிறவராக உட்கார்ந்திருக்கிறீர்கள். கண்ணாடி முன்னால் நின்றால் உங்களுக்கும் அது மட்டும்தான் தெரிகிறது. ஸ்கேனுக்கு மாதத்தில் 2 அல்லது 3 காலை வேளைதான் வேண்டும். பழைய கம்பெனியில் கேளுங்கள், இல்லாவிட்டால் பகுதி நேரமாகவாவது ஜி.எஸ்.டி. கணக்குப் பாருங்கள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, வைத்தியச் சீட்டில் எழுத இடமிருந்தால் எழுதியே கொடுப்பேன்.

அந்தச் சந்தனக் கிண்ணம். உங்கள் மாமியார் கெட்ட எண்ணத்தில் செய்தாரா, "நாலு பேர் பேசிருவாங்க" என்ற பயத்தில் செய்தாரா எனக்குத் தெரியாது, எதுவானாலும் சபையில் வைத்து ஒரு பெண்ணை ஒதுக்கியது ஒதுக்கியதுதான். வருகிற விசேஷத்துக்கெல்லாம் போயே தீர வேண்டும் என்று சொல்லமாட்டேன். மனம் கேட்கிற இடத்துக்குப் போங்கள், கேட்காத இடத்துக்கு மொய்யை மட்டும் அனுப்புங்கள். "விசேசம் இல்லீங்களா" என்று கேட்பவர்களுக்கு ஒரு வரியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: "ரெண்டு பேரும் டாக்டரைப் பார்த்துட்டு இருக்கோமுங்க, இருந்தாச் சொல்லாமயா இருப்போம்." 'ரெண்டு பேரும்' என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லலாம்.

நடக்காத பரிசோதனை

இப்போது எனக்குக் கோபம் வருகிற இடம். கணவருக்கு ஒரு விந்துப் பரிசோதனைகூடச் செய்யாமல் ஒரு பெண்ணுக்கு 14 மாதம் முட்டை வளர மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதித் தம்பதிகளில் ஆணின் காரணம் தனியாகவோ பெண்ணின் காரணத்தோடு சேர்ந்தோ இருக்கிறது. சில நூறு ரூபாய்ப் பரிசோதனை. மாத்திரைக்கு முன்னால் நடந்திருக்க வேண்டியது. முட்டை ஒழுங்காக வெளியாகி 6 மாதமாகியும் கரு தங்காவிட்டால் அதே மாத்திரையைத் தொடராமல் அடுத்த கட்டம் என்ன என்று யோசிக்க வேண்டும் என்பதும் பொதுவான வழிமுறை. பெருந்துறை ரோட்டில் தொட்டில் படம் போட்ட போர்டுகளுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அடிப்படையை முதலில் முடிக்கும் டாக்டரைத் தேடிப் போங்கள்.

"நல்லாத்தானே இருக்கேன்" என்கிறார் உங்கள் கணவர். தாம்பத்தியத்தில் குறை இல்லை என்பதும் உயிரணு போதுமான அளவில் இருக்கிறது என்பதும் வெவ்வேறு சங்கதிகள். உயிரணு ஒன்றுகூட இல்லாத ஆணுக்கும் ஆசை, விறைப்பு, வெளியேறுதல் எல்லாம் சரியாகவே இருக்கலாம், திரவத்தைப் பார்த்தும் சொல்ல முடியாது. மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும். இவர் வேலை வேறு பாய்லர் பக்கம். விதைப்பை உடம்புக்கு வெளியே தொங்குவதே உள் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்; நாள் முழுக்கச் சூட்டில் நிற்பவர்களுக்கு உயிரணு குறைய வாய்ப்புண்டு. புகையிலை, பான் மசாலா பழக்கம் இருந்தால் அதுவும் சேரும். விதைப்பை ரத்தநாள வீக்கம் இருந்தால் பல சமயம் சரிசெய்ய முடியும்.

பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். லேபில் தனி அறை கொடுப்பார்கள். அங்கே சங்கடமென்றால், லேப் பக்கத்தில் இருக்கும் பட்சத்தில் அவர்கள் தரும் டப்பாவில் வீட்டிலேயே எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் உடம்புச் சூட்டோடு கொண்டுபோய்க் கொடுக்கலாம். முதல் ரிசல்ட் குறைவாக வந்தால் இடிந்துபோக வேண்டாம், புது உயிரணு உருவாக இரண்டரை மாதம்போல ஆவதால் 3 மாதம் கழித்து மறுபடி பார்ப்போம்.

அவரிடம் எப்படிச் சொல்வது? "உங்களுக்குக் குறை இருக்குதான்னு பார்க்கணும்" என்று தொடங்கினால் கதவு சாத்திக்கொள்ளும். "உங்க ரிப்போர்ட் இல்லாம இனி மாத்திரை எழுத முடியாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க" என்று பழியை எங்கள்மேல் போடுங்கள், தாங்கிக்கொள்வோம். உங்கள் பக்கமும் உறுதி வேண்டும். அவர் ரிசல்ட் வராமல் அடுத்த மாத மாத்திரையைத் தொடங்கமாட்டேன் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, அது உங்கள் உடம்பு.

அந்தத் தேதியில் அவருக்கு முடியாமல் போனதற்கு உங்கள் மோவாய் முடி காரணமல்ல. ஸ்கேன் தேதி சொல்லி உறவு கொள்ளச் சொல்லும்போது ஆண்களுக்கு இப்படி ஆவது எங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். நைட் ஷிப்ட் களைப்பு, பரீட்சை எழுதுகிற மாதிரி ஒரு இரவு, வெளியறையில் அம்மா விழித்திருக்கிறார் என்ற நினைப்பு. அவரும் உள்ளுக்குள் பயந்துதான் இருப்பார். நீங்கள் இருவரும் ஒரே பயத்தை முதுகு காட்டிப் படுத்துக்கொண்டு தனித்தனியாகச் சுமக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது.

படுக்கையறையை மீட்பது

முதலில் ஒரு மாதம், முடிந்தால் இரண்டு, மாத்திரைக்கும் ஸ்கேனுக்கும் ஓய்வு கொடுங்கள். அவர் பரிசோதனைக்கு எப்படியும் அந்த இடைவெளி வேண்டும். அந்தக் காலத்தில் உறவே வேண்டாம் என்று இருவரும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், 1970-ல் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் முன்வைத்த முறை இது, இன்றும் நாங்கள் சொல்லித் தருகிறோம். தலைக்கு எண்ணெய் தேய்ப்பது, முதுகு பிடித்துவிடுவது, கை கோத்துப் படுப்பது, இவ்வளவுதான். மார்பும் பிறப்புறுப்பும் ஆரம்பத்தில் கணக்கிலேயே இல்லை. இது எங்கே போய் முடியுமோ என்ற பயம் இல்லாதபோதுதான் தொடுதல் தொடுதலாக இருக்கும், கூச்சம் மெல்ல விலகும். எது பிடிக்கிறது, எது வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். இத்தனை வருடம் வலியைச் சொல்லாமல் இருந்ததால் அவருக்கு அது தெரியவே தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

வைத்தியம் மறுபடி தொடங்கும்போது, கரு தங்கும் நாட்களுக்கு வெளியேயும் நெருக்கம் இருக்கட்டும். வீட்டில் தனிமை இல்லை என்றால் மாதம் ஒரு சனிக்கிழமை வால்பாறைக்கோ ஏற்காட்டுக்கோ போய்வாருங்கள். பெரிய செலவு பண்ண வேண்டியதில்லை. காலண்டர் விஷயத்தை மாமியாரிடம் பேச வேண்டியவர் மகன், நீங்கள் அல்ல.

இரண்டாம் கல்யாணம்

இதில் நான் வக்கீல் இல்லை, ஆனால் என்னிடம் வரும் பெண்கள் அடிக்கடி கேட்பதால் அடிப்படை தெரியும். "நானே சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டுட்டா அவரு கட்டிக்கலாமுங்களா" என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. 1955-ம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டப்படி மனைவி உயிரோடு, விவாகரத்து ஆகாமல் இருக்கும்போது செய்யும் இரண்டாம் திருமணம் செல்லாது. மனைவியின் சம்மதம் அதைச் செல்லுபடியாக்காது. அது குற்றமும்கூட, பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 82-ம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை. குழந்தை இல்லை என்பது அந்தத் திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்கான காரணமே அல்ல. பரஸ்பர சம்மதம் என்று பேப்பரை நீட்டினால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், உங்கள் முழு விருப்பம் இல்லாமல் அது நடக்காது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், குழந்தை இல்லை என்று ஒரு பெண்ணை இழிவாகப் பேசுவதை மனரீதியான வன்முறை என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நாளைக்கே புகார் கொடுங்கள் என்று சொல்லவில்லை, அது உங்கள் முடிவு, கொடுத்தால் வீட்டில் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். ஆனால் பேச்சு எல்லை மீறினால் 181 மகளிர் உதவி எண் இருக்கிறது, மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், கோர்ட் வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். இது மனதில் இருந்தால் நீங்கள் வீட்டில் நிற்கிற நிலையே வேறாக இருக்கும்.

அடுத்து என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர் ரிசல்ட் நன்றாக இருந்து, உங்களுக்கு முட்டையும் வெளியாகிறது என்றால் ஐ.யூ.ஐ. (உயிரணுவை நேராகக் கருப்பைக்குள் செலுத்துவது) பற்றிப் பேசலாம், ரொம்பக் குறைவு என்றால் நேராக டெஸ்ட் டியூப் முறை. எந்த மையத்துக்குப் போனாலும் 2021-ம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பதிவு செய்ததா என்று கேளுங்கள். உங்கள் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் எதுவும் செய்யக்கூடாது. பெண்ணுக்கு 50 வயது வரை சட்டம் அனுமதித்தாலும் முட்டையின் தரம் 35-க்கு மேல் வேகமாகக் குறையும், உங்களுக்கு 31 என்பதால் இரண்டு மாத ஓய்வு நஷ்டமில்லை, ஐந்து வருட ஓய்வு நஷ்டம். எத்தனை முறை, எவ்வளவு பணம், எதோடு நிறுத்துவது என்று முன்கூட்டியே இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தை அடமானம் வைத்து ஏழாவது முறை என்று வருபவர்களைப் பார்த்திருப்பதால் சொல்கிறேன். தத்தெடுப்பது, குழந்தையில்லாமலே இருவராக வாழ்வது இரண்டும் பேச்சில் இடம்பெறட்டும். அவற்றைத் தோல்விப் பட்டியலில் எழுத வேண்டியதில்லை.

கொடுமுடியில் நாக தோஷப் பரிகாரம் முடித்தாயிற்று, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கலாமா, உடம்பு அலுங்கினால் கரு தங்காமல் போகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக நடங்கள். நடப்பதால் கரு கலையாது, உங்கள் எடைக்கும் மனசுக்கும் நல்லதுதான். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், பட்டறையில் லீவு கேட்கட்டும். காலில் கொப்புளம் வராத செருப்பாகப் பார்த்து வாங்குங்கள், வெயிலுக்கு முன்னால் நடையை முடித்துவிடுங்கள், தைராய்டு மாத்திரை ஏதாவது சாப்பிடுவதாக இருந்தால் பையில் மறக்காமல் வையுங்கள். அந்த மாதம் ஸ்கேன் தேதி குறுக்கே வந்தால், ஸ்கேனை விட்டுவிடுங்கள்.